கூறுக்குப் பெயர் சொன்னவர்

எங்கள் தெருவில் பங்கு சேர்த்து ஆடு வெட்டினால், பக்கத்து வீட்டு அத்தை வந்து நின்ற பிறகுதான் கறி வீடு போய்ச் சேரும். இத்தனைக்கும் அவர் கறி தின்பதில்லை. சாம்பாரில் கறிக்குழம்புக் கரண்டி மாறி விழுந்திருந்தால்கூட எப்படியோ கண்டுபிடித்துத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். கறி தின்னாதவர் என்பதற்காகத்தான் முதலில் அவரைக் கூப்பிட்டார்கள்.

ஆலங்குடிக்குக் கிழக்கே தென்னையும் கடலையுமாக இருக்கிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. தீபாவளிக்கும் ஆடிக்கும் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு ஆடு எடுப்பார்கள். வெட்டி, ரேஷன் கடைக்கு முன்னால் வாழை இலைகளை விரித்து, இத்தனை வீட்டுக்கு இத்தனை கூறு என்று வைப்பார்கள். எவ்வளவு கவனமாக வைத்தாலும் ஒரு கூறில் ஈரல் கூடும், ஒரு கூறில் எலும்பு கூடும். அதனால் ஒரு ஆள் கூறுகளைப் பார்க்காமல் திரும்பி நிற்க வேண்டும். வெட்டியவர் ஏதாவது ஒரு கூறைக் காட்டி, “இது ஆருக்கு?” என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு வீட்டுக்காரர் பெயரைச் சொல்வார். சொன்னது சொன்னதுதான். எலும்பு விழுந்தவன் தலையில் அடித்துக்கொண்டு எடுத்துப் போக வேண்டும்.

முன்பெல்லாம் திரும்பி நின்றவர் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர். சில வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு தீபாவளியன்று, ஈரல் தூக்கலாக இருக்கிற கூறைக் காட்டும்போதெல்லாம் வெட்டுகிறவருக்கு இருமல் வருகிறது என்பதை யாரோ கவனித்துவிட்டார்கள். இருமல் வந்தால் கடைக்காரர் தன் பெயரையோ மச்சினன் பெயரையோ சொல்வார். கைகலப்பு ஆனது. இலையெல்லாம் மிதிபட்டு, பாதிக் கறியை நாய் தூக்கிக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்து அத்தை தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாகப் போனார்.

“அந்தக்கா கறி திங்காது. அதுக்குப் பங்கும் கெடையாது. அத நிக்கச் சொல்லுங்கடா” என்று என் அப்பா சொன்னாராம். பொம்பளை வந்து நிற்கிற இடமா இது என்று ஒருவர் முணுமுணுத்ததற்கு, “அப்ப நீ நாய்க்கிட்டப் போயிக் கேளு” என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார்.

அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ரேஷன் கடைச் சுவரைப் பார்த்து நின்றார். நிற்கும் முன் ஒரு நிபந்தனை போட்டார். “இது ஆருக்குன்னு வாயால கேக்காதீங்க. கொரல்லயும் சாடை இருக்கும். கம்பால தரையில ஒரு தட்டுத் தட்டுங்க, போதும்.”

அன்றிலிருந்து எங்கள் தெருவில் கம்புத் தட்டுத்தான். தட்டு, பெயர், தட்டு, பெயர். ஒரு சண்டை கிடையாது. அவர் திரும்பி நின்றால் கோர்ட்டுக்கு வேலை இல்லை என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார், ஏதோ தானே கண்டுபிடித்துக் கொண்டுவந்த மாதிரி. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போதுகூட, எந்த நிலத் துண்டு யாருக்கு என்று அத்தையைத் திரும்பி நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு அவர் அத்தை முறைதான். ரத்த உறவில்லை. அப்பாவுக்கு அக்கா முறை, அம்மாவுக்கு அதனால் மதினி. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான், அந்த வேலியிலும் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு வழி இருந்தது. அம்மாவும் அவரும் நூறு நாள் வேலைக்குச் சேர்ந்து போவார்கள், சேர்ந்து வருவார்கள். அம்மா வைக்கிற புளிக்குழம்பில் பாதி அந்த வேலி வழியாகப் போகும், அவர் வைக்கிற கீரையில் பாதி இந்தப் பக்கம் வரும். அம்மாவுக்குக் கோபம் வந்தால் அப்பாவிடம் சொல்வதற்கு முன் மதினியிடம்தான் சொல்வாள்.

அவர் கறியை விட்ட கதையும் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய வீட்டுக்காரர் மஞ்சள்காமாலை முற்றிப் படுத்துவிட்டார். பிழைத்து வரட்டும் என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு அன்றைக்கே அத்தை கறி மீனை விட்டார். அவர் பிழைக்கவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா ஒரு நாள் கருவாட்டுக் குழம்பை எடுத்துக்கொண்டு போய், “சாமி அதோட பங்கச் செய்யல. நீங்க மட்டும் என்னத்துக்கு மதினி?” என்று கேட்டிருக்கிறாள்.

“சாமி குடுத்தா விடுறேன்னு நான் சொல்லல தாயி. விட்டுட்டுத்தான் கேட்டேன். அது குடுக்கலங்கிறது அதோட விசயம். நான் விட்டது என்னோடது.”

இதைச் சொல்லும்போது அம்மாவின் குரலில் பெருமையும் இருக்கும், கொஞ்சம் எரிச்சலும் இருக்கும். அத்தையைப் பற்றிப் பேசுகிற எல்லாருக்கும் அந்த இரண்டும் கலந்துதான் வரும்.

நூறு நாள் வேலைக்குப் போவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவரும் அவர்தான். நான் நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்த சமயம். முட்டை போடுகிற நாளில் ஆளுக்கு ஒன்று, அதில் தலைமையாசிரியர் மகனுக்கும் சலுகை கிடையாது. ஆனால் சோறு அப்படியில்லை. எனக்கு ஒரு கரண்டி வைப்பார். என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற செங்கல் சூளையில் கூலி வேலை செய்கிறவர் பையனுக்கு மூன்று கரண்டி வைப்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். அவனுக்கு மட்டும் ஏன் அவ்வளவு?

“ஒனக்குப் பத்தலையா?”

“பத்துச்சு.”

“அப்பறம் என்னடா?”

எனக்குப் போதும்தான். ஆனாலும் அவனுக்கு மூன்று என்பது எனக்கு வலித்தது. அந்த வலி நியாயமானதா இல்லையா என்று இப்போதும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் இன்றைக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு அரசியலமைப்பும் சமத்துவமும் பாடம் எடுத்துப் பிழைக்கிறேன் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

அவர் எல்லாவற்றுக்கும் திரும்பி நிற்கவில்லை என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. ஒரு கோடையில் ஒருவருடைய கடலைக் கொல்லையில் யாருடைய ஆடுகளோ இறங்கி மேய்ந்துவிட்டன. யாருடைய ஆடு என்று தெருவுக்கே தெரியும். பகலில் நடந்தது, நாலைந்து பேர் பார்த்தும் இருந்தார்கள். ஆனால் ஆட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரு வகையில் சொந்தம். வாயைத் திறந்தால் கல்யாணம் காட்சியில் முகத்தில் விழிக்க வேண்டும். அதனால் பெரியவர்கள் கூடி, கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளை வந்தால் ஆட்டுக்காரர் மேல் குற்றம் இல்லை.

பொட்டலம் மடிக்க அத்தையைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார். பூவைக் கையில்கூட வாங்கவில்லை.

“சாமிக்கிட்ட எதக் கேக்கணும்? நமக்குத் தெரியாதத. இது ஒனக்குந் தெரியும், எனக்குந் தெரியும். அவரு ஆடுதான் மேஞ்சது, நான் பாத்தேன். இதுக்கு எதுக்குப் பூவு?”

ஆட்டுக்காரர் எழுந்து போய்விட்டார். அவருடைய மனைவி மாரியம்மன் கோயில் வாசலிலேயே நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அத்தை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். இப்படி ஒரு மனுஷியோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று அன்றைக்கு அப்பாகூடக் கேட்டார்.

பின்னால் நான் புதுக்கோட்டையில் அரசியல் அறிவியல் படித்தபோது ஒரு பாடம் வந்தது. ஒரு சமூகத்துக்கு விதி வகுக்கிறவர்கள், அதில் தாங்கள் யாராக இருக்கப்போகிறோம் என்று தெரியாத நிலையில் வகுத்தால் விதி நியாயமாக இருக்கும் என்பது பாடம். ஆசிரியர் விளக்கிக்கொண்டே இருந்தார். எனக்கு அத்தையின் முதுகும் ரேஷன் கடைச் சுவரும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. எழுந்து ஆட்டுக்கறிக் கதையைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார், நல்ல உதாரணம் என்று பாராட்டினார். எனக்குத் தலை கால் புரியவில்லை. அத்தையை முழுவதும் புரிந்துகொண்டுவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன்.

படிப்பு முடிந்து வேலையில்லாமல் வீட்டில் இருந்த வருஷம் அந்தப் புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் புயல் என்று மட்டும் சொன்னால் போதும், எந்தப் புயல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். விடிந்து வெளியே வந்தபோது தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. கரண்ட் கம்பங்கள் வயலுக்குள் கிடந்தன. தெருவில் கூரை வீடு ஒன்றுகூட முழுசாக இல்லை. எங்களுடையது ஓட்டு வீடு. பாதி ஓடு பறந்துவிட்டது, பாதி நின்றது. நின்ற பாதிக்குள் நாங்களும் அடுப்பும் அரிசியும் இருந்தோம், அதற்கு மேல் ஒரு மூட்டை வைக்க இடமில்லை. பறந்த பாதியில் மார்கழிப் பட்டத்தில் விதைக்க வைத்திருந்த விதைக்கடலை மூட்டைகள் இருந்தன. அவற்றின் மேல் உரச் சாக்கையும் தென்னை மட்டையையும் போட்டு மூடி, அம்மா வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாலைந்து நாள் கழித்து ஒரு மினி லாரியில் வெளியூர்ப் பையன்கள் சிலர் தார்ப்பாய் கொண்டுவந்தார்கள். தெருவில் இருக்கிற வீடுகளில் பாதிக்குக்கூடக் காணாது. “நீங்களே சண்டை இல்லாமப் பிரிச்சுக்குங்க” என்று ரேஷன் கடை முன்னால் இறக்கி வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள்.

யாரும் யோசிக்கக்கூட இல்லை. அக்காவைக் கூப்பிடு என்றார்கள். அவர் திரும்பி நின்று பெயர் சொல்லட்டும், தார்ப்பாய் தீருகிற வரைக்கும் சொல்லட்டும். சொன்ன வீட்டுக்கு உண்டு, சொல்லாத வீட்டுக்கு இல்லை. எல்லாரும் சம்மதித்தார்கள். அந்த நிலைமையில் ஒரு தெருவே ஒரு விஷயத்துக்குச் சம்மதித்தது பெரிய காரியம். அவர் மேல் இருந்த நம்பிக்கைதான் அது.

அவர் வந்தார். வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றார். ஒருவர் கம்பால் தரையில் தட்டினார். பெயர் வரவில்லை. இன்னொரு தடவை தட்டினார். அவர் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினார். கூறுக்குப் பெயர் சொல்ல நின்றவர் பாதியில் திரும்பி அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

“இது கறி இல்லப்பா” என்றார்.

“அதுக்கென்னக்கா?”

“கறியில எந்தக் கூறு ஆருக்குப் போனாலும் எல்லா வீட்லயும் கொழம்பு கொதிக்கும். எலும்பு கூடும் கொறையும், அம்புட்டுத்தான். இதுல பாதி வீட்டுக்கு இல்லவே இல்ல. நான் பாக்காமப் பேரச் சொல்லி, கூரையே இல்லாத வீட்ட விட்டுட்டேன்னா?”

“அது அவங்க நேரம். ஆரு மேலயும் தப்பு இல்ல.”

“அதத்தான் சொல்றேன். ஆரு மேலயும் தப்பு இல்லாமப் பச்சப்புள்ள நனையும். எனக்கு அது ஒப்பல.”

மளிகைக் கடைக்காரர் முன்னால் வந்தார். “பாத்துக் குடுத்தா ஒங்களுக்கு வேண்டியவங்களுக்குக் குடுத்தீங்கன்னு பேச்சு வரும்க்கா.” அவருக்கு அந்த அனுபவம் உண்டு.

“வரட்டும். எல்லாரும் கூட வாங்க. வீடு வீடாப் போயிப் பாப்போம். நான் சொல்றது தப்புன்னா அந்த வீட்டு வாசல்லயே சொல்லுங்க.”

கூட்டமாகப் போனோம். கூரையே இல்லாமல் கைக்குழந்தையோ படுத்த படுக்கையோ இருக்கிற வீட்டுக்கு முதலில், தனியாக இருக்கிற வயசானவர்களுக்கு அடுத்தது, மற்றவர்களுக்கு மிஞ்சினால். அவர் சொல்லச் சொல்ல ஆண்கள் தார்ப்பாயை எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். ஆட்டுக்காரர் வீட்டுக்கும் ஒன்று கொடுத்தார், அவருடைய அப்பா நடக்க முடியாமல் கிடந்தார். மண்ணை வாரித் தூற்றிய பெண்மணி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வேலி வழியாக இத்தனை வருஷம் போய் வந்த மதினி என்கிற உரிமை அவள் முகத்தில் இருந்தது. அத்தை உள்ளே போய்ப் பார்த்தார். மூட்டைகளின் மேல் கிடந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

“பாதி நிக்கிது தாயி. ஒங்களுக்குப் பின்னாடிதான்.”

“வெதக்கடல மதினி. நனஞ்சா இந்தப் பட்டம் போச்சு.”

“தெரியும் தாயி” என்றார் அத்தை. சாக்கைத் திரும்ப மூடிவிட்டு அடுத்த வாசலுக்குப் போனார். அடுத்த வாசல் அவருடையது.

அவர் வீட்டுக் கூரை மொத்தமாகப் போயிருந்தது. பிரசவத்துக்கு வந்த மகள், மாசம்கூட ஆகாத ஆண் குழந்தையோடு, நாலு பக்கமும் சேலை கட்டிய கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அத்தை தன் வாசலில் நின்று, மற்ற வாசல்களில் சொன்ன அதே குரலில், “இங்கிட்டு ஒண்ணு” என்றார்.

யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அப்பா பதறிப்போய் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

“அக்கா, ஒங்களுக்கு வேணாம். நான் அறந்தாங்கியிலயாவது போயி ஒண்ணு பாத்துட்டு வாரேன். இன்னைக்கு நீங்க எடுத்தா இத்தன வருசம் சம்பாரிச்ச பேரு போயிரும்.”

“எம்பேரு கெடாம இருக்க அந்தப் புள்ள நனையணுமா தம்பி?”

“அதுக்கில்லக்கா...”

“மேலத் தெருமுக்குல ஒரு கைக்கொழந்த இருந்துச்சு, குடுத்தோம். தெக்கால ஒண்ணு இருந்துச்சு, குடுத்தோம். இவன் எம்பேரனாப் பொறந்தது அவன் செஞ்ச தப்பா?”

அத்தையே குனிந்து ஒரு தார்ப்பாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது. தெரு முழுக்கக் கேட்கிற குரல்.

“கறிக்குன்னா கண்ணத் திருப்பிக்கிருவாங்க. தனக்குன்னா மட்டும் கண்ணு நல்லாத் தெரியுது!”

அத்தை அம்மாவைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். ஊர் ஆயிரம் பேசட்டும் என்று இருந்தவர், இந்த ஒரு வாயிலிருந்து அது வரும் என்று நினைக்கவில்லை போல. உள்ளே போய்த் தார்ப்பாயை விரிக்க ஆரம்பித்தார். எனக்கு அவர் மேல் பரிதாபமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. எங்கள் பட்டம் போகப்போகிறது என்பதும் நிஜம்தானே. அவர் தனக்கு எடுத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் தெருவே அவரைக் கும்பிட்டிருக்கும். இன்றைக்கு நான் எழுதுகிற இதுவும் ஒரு தெய்வப் பெண்மணியைப் பற்றியதாக இருந்திருக்கும், எழுதுவதும் சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வானம் கறுத்தது. அப்பா விழுந்த தென்னைகளைப் பார்க்கக் கொல்லைக்குப் போயிருந்தார். வேலி வழியாக அத்தை வந்தார்.

“தாயி, மூட்டைய எடுங்க. கட்டில ஒரு பக்கமா ஒதுக்கிட்டேன். எங்க வீட்ல ஒரு மூல காலியா இருக்கு, அடுக்கிரலாம். மழ வருது.”

நான் ஒரு மூட்டையின் காதைப் பிடித்துவிட்டேன்.

“விடுறா அத” என்றாள் அம்மா. அத்தையின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். “ஒங்க மூலைய நீங்களே வச்சுக்குங்க. எங்களுக்கு ஒண்ணும் பிச்ச வேணாம்.”

“என்மேல இருக்குற கோவம் அப்பறம் இருக்கட்டும் தாயி. கடல என்ன பண்ணுச்சு?”

“போங்க மதினி.”

முதல் தூறல் விழுந்தது. அத்தை ஒரு மூட்டையைத் தானே தூக்கப் போனார். அம்மா அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அத்தை வேலி வழியாகத் திரும்பிப் போனார். மழை விடாமல் பெய்தது. சில நாளில் சாக்கின் இடுக்கில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது, மிச்சம் பூஞ்சை பிடித்து நாறியது. அந்த மார்கழிக்கு எங்கள் கொல்லை தரிசாகக் கிடந்தது.

அவர் முடிவில் ஒரு தப்பும் நடந்தது. தார்ப்பாய் வாங்கிய ஒரு வீட்டார் குழந்தையோடு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தார்ப்பாய் வைக்கோல்போர் மேல் கிடந்தது. இதைக் கண்டுபிடித்து வந்து அவரிடம் சொல்வதில் தெருவுக்கு அவ்வளவு சந்தோஷம். பேசாமல் திரும்பி நின்று பெயர் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு வருமா என்று மளிகைக் கடைக்காரர் கேட்டார்.

“வராது. ஏன் இப்படிக் குடுத்தேன்னு நீங்க கேக்கவும் ஆளு இருக்காது” என்றார் அத்தை. “என் தப்புத்தான். வாங்க, எடுப்போம்.”

அந்த வீட்டாருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, வைக்கோல்போரிலிருந்து தார்ப்பாயை உருவி மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு, தனியாக இருந்த ஒரு கிழவர் வீட்டுக்கு எடுத்துப் போனார். போகும் வழியில் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அம்மா கதவைச் சாத்தினாள்.

அடுத்த தீபாவளிக்கு அவரைக் கூப்பிடவில்லை. பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டை மடித்ததில் ஏதோ தில்லுமுல்லு என்று அதிலும் சண்டை வந்தது. அப்போதும் யாரும் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் கம்புத் தட்டுக் கேட்காத அந்தக் காலை நேரத்தில் அவர் வாசலில் கோலம் போட்டுவிட்டு வெகுநேரம் ரேஷன் கடைப் பக்கம் பார்த்தபடி நின்றார் என்று அப்பா என்னிடம் சொன்னார்.

அம்மா அவரோடு பேசவே இல்லை. நூறு நாள் வேலையில் வேறு குழுவுக்கு மாறிக்கொண்டாள். வேலியில் இருந்த வழியைக் கருவேல முள் போட்டு அடைத்தாள். “எங்க வெதக்கடலைய நனைய வச்சவ” என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூட்டை மேல் உட்கார்ந்த கதையை மட்டும் சொல்ல மாட்டாள். நானும் அப்பாவும் அதை எடுப்பதில்லை, எடுத்தால் அன்றைக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

பிறகு அத்தையின் மகள் திருப்பூரில் வீடு பார்த்து அவரையும் கூட்டிக்கொண்டு போனாள். கிளம்புகிற அன்று பையை வேனில் வைத்துவிட்டு எங்கள் வாசலுக்கு வந்தார். அப்பாவிடம் சொல்லிக்கொண்டார், என் தலையைத் தடவினார். அடுப்படிப் பக்கம் பார்த்து, “போய்ட்டு வாரேன் தாயி” என்றார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டுப் போனார். வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் மறுபடி பாத்திரச் சத்தம் கேட்டது.

போன மாதம் அந்த மகள் என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். அவள் பையன் பள்ளிக்கூட விழாவில் ஏதோ பரிசு வாங்கி, கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிறான். முன்பல் இரண்டைக் காணோம். பக்கத்தில் அத்தை, நன்றாக இளைத்திருந்தார். அம்மா டிவி பார்த்துக்கொண்டே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். காட்டுவதா வேண்டாமா என்று யோசித்து, காட்டினேன்.

கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். அத்தையை அவள் முதலில் பார்க்கவில்லை. பையனைத்தான் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“இவந்தானா அது?”

“இவந்தான்.”

“நல்லா வளந்துட்டான்” என்றாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் இளகியிருந்தது. இதை விட்டால் வேறு சமயம் வாய்க்காது என்று நினைத்துக் கேட்டேன்.

“அன்னைக்கு மூட்டையக் குடுத்திருக்கலாமேம்மா. அவங்க வீட்ல எடம் இருந்துச்சே.”

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போனை என்னிடம் கொடுத்தாள். டிவியின் சத்தத்தைக் குறைத்தாள்.

“குடுத்திருக்கலாம். கடல பொழச்சிருக்கும்” என்றாள். “அந்த ஒரு தார்ப்பாய்ல அந்தப் புள்ளயும் நனையல, எங்க கடலயும் நனையலன்னா, அப்பறம் அவ செஞ்சது சரின்னு ஆயிருமேடா.”